எழுப்பி நடக்க வைக்கும் முன்

பெரம்பலூர் மாவட்டத்தில் பெரம்பலூர், வேப்பந்தட்டை, ஆலத்தூர், வேப்பூர் என்று நான்கு ஒன்றியங்கள். அரியலூரில் அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் என்று ஆறு. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி நிலம், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், முந்திரித் தோப்புகள். 2022 ஜனவரி 12 அன்று அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனாலும் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன ஒருவரை, உள்கிராமத்திலிருந்து தினமும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரப் பல குடும்பங்களால் முடியாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கு வந்தன. அவற்றோடு இயன்முறை சிகிச்சையும் வந்தது. பிசியோ என்று அழைக்கப்படும் இயன்முறை சிகிச்சையாளர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வருகிறார். நோயாளி கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார். ரிப்போர்ட்டுகள் சுவரில் ஆணியில் மாட்டிய ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கின்றன. டாக்டர் பக்கத்தில் இல்லை, மானிட்டர் இல்லை. அன்றைக்கு அந்த நோயாளியைப் பார்க்கப்போகும் ஒரே பயிற்சி பெற்ற ஆள் அவர்தான். நோயாளியை எழுப்பலாமா, எவ்வளவு நேரம் நிற்க வைக்கலாம், இன்றைக்கு வேண்டாமா என்பதற்கான விடையில் பாதி அந்தப் பைக்குள் இருக்கிறது. அந்தத் தாளை வாசிக்கும் அறிவியலைப் பற்றியது இந்த அத்தியாயம்.

படுத்தே கிடப்பதன் விலை

‘உடம்பு சரியில்லை, படுத்திருக்கட்டும்’ என்பது அன்பில் வரும் சொல். மருத்துவமும் நெடுங்காலம் அதையே சொன்னது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலிருந்து அசையவிடாத காலம் இருந்தது. 1947இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், படுக்கை ஒவ்வொரு உறுப்பையும் எப்படிக் கெடுக்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1952இல் அமெரிக்காவில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் மாரடைப்பு நோயாளிகளைச் சில நாட்களிலேயே நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டினார்கள்.

மறக்கமுடியாத சான்று 1966இல் டல்லாஸில் கிடைத்தது. இருபது வயதை ஒட்டிய, ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். பிறகு அவர்களுடைய உடலின் ஆக்ஸிஜன் பயன்பாட்டுத் திறனை அளந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரை மறுபடி அழைத்து அளந்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது.

ஆகவே ‘சந்தேகமாக இருந்தால் எழுப்பாதே’ என்பது பாதுகாப்பான விதி ஆகாது. எழுப்பாமல் விட்டால் தசை கரையும், முதுகில் புண் வரும், நுரையீரலில் சளி தேங்கும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். பார்க்காமல் எழுப்பினால் மயங்கி விழலாம், ரத்தம் கசியலாம், இதயத் துடிப்பு தடம் மாறலாம். இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. எந்தப் பக்கத்து ஆபத்து இன்றைக்குப் பெரியது என்று எடை போடுவதுதான் பிசியோவின் வேலை. ஆய்வக எண்கள் அந்த எடைபோடலுக்கு உதவுகின்றன. முடிவை அவை எடுப்பதில்லை.

‘நார்மல்’ எங்கிருந்து வந்தது?

ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் ஒரு வரம்பு அச்சாகியிருக்கும். நோயாளியின் எண் அதற்கு வெளியே போனால் தடித்த எழுத்தில் வரும், குடும்பமே பதறிப்போகும். அந்த வரம்பு எப்படி வருகிறது? ஆரோக்கியமான பலரின் ரத்தத்தை எடுத்து அளந்து, மேலே இரண்டரை சதவீதத்தையும் கீழே இரண்டரை சதவீதத்தையும் விலக்கிவிட்டு, நடுவிலுள்ள 95 சதவீதத்தை ‘நார்மல்’ என்று வைக்கிறார்கள். அப்படியானால் நோயே இல்லாதவர்களிலும் இருபதில் ஒருவர் வரம்புக்கு வெளியே நிற்பார். ஒன்றையொன்று சாராத இருபது பரிசோதனைகளை ஓர் ஆரோக்கியமானவருக்குச் செய்தால், ஒன்றாவது தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு உண்டு.

எனவே தடித்த எழுத்தைக் கண்டவுடன் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. வரம்பை விட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது? போன முறை எவ்வளவு இருந்தது? இந்த ஆளுக்கு அறிகுறி ஏதாவது இருக்கிறதா? பைக்குள் பழைய ரிப்போர்ட்டும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. பல சமயம் விடை கிடைப்பது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

ரத்தம் கம்மி

நம் கிராமங்களில் அதிகம் கேட்கும் ஆய்வகச் செய்தி இதுதான்: ‘ரத்தம் கம்மியா இருக்காம்.’ ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்கும் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான்.

ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைச் சுமக்கும். 15 கிராம் இருப்பவரின் 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லி ஆக்ஸிஜன் பயணிக்கிறது. 7 கிராம் இருப்பவரிடம் அது பத்துக்கும் குறைவு. அரியலூரில் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றும் லாரிகளில் பாதி நின்றுபோனால், ஆலை ஓடவேண்டுமென்றால் மிச்ச லாரிகள் இரண்டு மடங்கு நடை அடிக்கவேண்டும். உடம்பும் அதைத்தான் செய்கிறது: இதயம் வேகமாகத் துடிக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதே நாடி 110இல் ஓடுபவரை எழுந்து நிற்கச் சொன்னால், அதற்கு மேல் ஓட இதயத்திடம் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதை முதலில் யோசிக்கவேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு எல்லோரும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்புகிறார்கள். அது சொல்வது, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனைச் சுமக்கிறது என்பதை மட்டும். ஹீமோகுளோபின் 6 ஆக இருந்தாலும் அது 98 என்று காட்டும். மூச்சு வாங்குகிறது, கருவியோ ‘நல்லா இருக்கு’ என்கிறது என்றால், ரத்தப் பரிசோதனைத் தாளைத் தேடவேண்டிய நேரம் அது.

எண் ஒன்றே; ஆனால் ஆள் யார்? பல ஆண்டுகளாக ஹீமோகுளோபின் 7.5இலேயே இருந்து, களையெடுத்து, தண்ணீர்க் குடம் சுமந்த அம்மா ஒருவர். அவர் உடம்பு மெதுவாகப் பழகிக்கொண்டது. போன வாரம் 12 இருந்து, இடுப்பு அறுவை சிகிச்சையில் ரத்தம் இழந்து 8க்கு இறங்கிய முதியவர் இன்னொருவர். எண்ணை மட்டும் பார்த்தால் அந்த அம்மாவுக்குத்தான் ஆபத்து அதிகம். எழுப்பி நிற்கவைத்தால் முதலில் தலைசுற்றிச் சாயக்கூடியவர் அந்த முதியவர். முன்பு பல பட்டியல்கள் ‘8க்குக் கீழே பயிற்சி கூடாது’ என்று கோடு கிழித்தன. அமெரிக்காவில் தீவிர நிலை நோயாளிகளோடு வேலை செய்யும் இயன்முறை சிகிச்சையாளர்களின் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, அறிகுறிகளோடு சேர்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. ரத்தம் ஏற்றும் முடிவுக்குக்கூட, நிலையாக இருக்கும் உள்நோயாளிக்கு 7, எலும்பு அறுவை சிகிச்சை செய்தவருக்கோ இதயநோய் உள்ளவருக்கோ 8 என்று எல்லை மாறுகிறது.

நடைமுறையில் செய்யவேண்டியது எளிது. படுத்த நிலையில் நாடி, பி.பி. பார்க்கவேண்டும். உட்காரவைத்து, நிற்கவைத்து, மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்கவேண்டும். மேல் அழுத்தம் 20 இறங்கினாலோ கீழ் அழுத்தம் 10 இறங்கினாலோ நிற்பதற்கு உடம்பு தயாராக இல்லை. கத்திரி வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்த முதியவரிடம் ரத்தம் சரியாக இருந்தாலும் இதைக் காணலாம்.

கசிவும் உறைவும்

டெங்கு புண்ணியத்தில் பிளேட்லெட் என்ற சொல் தெரியாத வீடு இல்லை. ‘ஒன்றரை லட்சம் இருக்கணும்’ என்று பாட்டிகூடச் சொல்வார். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை முதல் நாலரை லட்சம் என்பது வழக்கமான அளவு. பிசியோவுக்கு முக்கியமான எல்லைகள் அதற்கு வெகு கீழே இருக்கின்றன. 50,000க்குக் கீழே எடை தூக்கும் பயிற்சிகளையும் அழுத்தமான கை சிகிச்சையையும் தவிர்ப்பது வழக்கம். 20,000க்குக் கீழே மெதுவான நடை, அன்றாடத் தேவைக்கான அசைவு மட்டும், அதுவும் டாக்டரிடம் கேட்டுவிட்டு. 10,000க்குக் கீழே அடிபடாமலேயே ரத்தம் கசியலாம். எந்த அளவிலும் விழாமல் பார்த்துக்கொள்வது முதல் கடமை. ஈறில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள், புதிய தலைவலி இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே சொல்லவேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் ரத்தம் உறையும் ஆபத்து. திருச்சி–சென்னை நெடுஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டுச் செல்கிறது. விபத்தில் தொடை எலும்பு உடைந்தவர்களை இந்த மாவட்டங்கள் நன்றாக அறியும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. உயிர் தப்பியவர் அடுத்த பல வாரங்களைக் கட்டிலில் கழிக்கிறார். அடிபட்ட ரத்தக்குழாய், தேங்கிய ஓட்டம், உறையத் துடிக்கும் ரத்தம் என்று 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரால் சொல்லப்படும் மூன்று காரணங்களும் அவரிடம் ஒன்றுசேர்கின்றன. கெண்டைக்கால் ரத்தக்குழாயில் உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் சில நிமிடத்தில் உயிர் போகலாம்.

இந்த உறைவைச் சந்தேகிக்கப் பிசியோவுக்கு ஓர் அளவு நாடா போதும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தியிருக்கும் எலும்பு மேட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே இரண்டு கால்களையும் சுற்றி அளந்து, ஒன்று மற்றதைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் வீங்கியிருந்தால், வலி, சூடு இருந்தால், அன்று நடை இல்லை, ஸ்கேனுக்கு அனுப்பவேண்டும். அதேசமயம், உறைவு இருப்பது தெரிந்து, உறைவெதிர்ப்பு மருந்து தேவையான அளவை எட்டியபின் படுக்கையிலேயே வைத்திருப்பதும் தவறு. நடப்பதே நல்லது என்று இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

செயற்கை இதய வால்வு வைத்தவர்கள் அசெனோகூமரால், வார்ஃபரின் மாத்திரைகளோடு வருவார்கள். அவர்கள் தாளில் ஐ.என்.ஆர். என்ற எண்ணைப் பார்க்கவேண்டும். மருந்து எடுக்காதவருக்கு அது 1ஐ ஒட்டி இருக்கும். மருந்து எடுப்பவருக்கு 2 முதல் 3, சில வால்வுகளுக்கு மூன்றரை வரை இருக்கவேண்டும். அது தாளில் அச்சான வரம்புக்கு வெளியே இருந்தாலும் அவருக்கு அதுவே சரியான அளவு. 5ஐத் தாண்டினால் நிலைமை வேறு: மூட்டுக்குள்ளும் மூளைக்குள்ளும் ரத்தம் கசியும் அபாயம். டாக்டரிடம் பேசும்வரை பயிற்சியைத் தள்ளிவைக்கவேண்டும்.

உப்புகளும் சர்க்கரையும்

பொட்டாசியத்தின் வரம்பு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். இவ்வளவு குறுகிய வரம்பு ஏன்? செல்லுக்குள்ளே பொட்டாசியம் 140ஐ ஒட்டியும் வெளியே 4ஐ ஒட்டியும் இருக்கிறது. இந்த வித்தியாசம்தான் தசையையும் இதயத்தையும் இயக்கும் மின்னழுத்தம். வெளியே இருக்கும் சிறிய எண் இரண்டு கூடினாலே இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம்.

சிறுநீரகம் பழுதானவர் டயாலிசிஸுக்கு இடையில் பொட்டாசியத்தை வெளியேற்ற வழியில்லாமல் இருக்கிறார். அவரைப் பார்க்க வரும் உறவினர் அன்போடு கொடுப்பது இளநீர். ஓர் இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கக்கூடும். பொங்கல், திருவிழா என்று ஒரு டயாலிசிஸைத் தவறவிட்டவர், ‘காலெல்லாம் துவண்டுபோச்சு தம்பி, நிக்க முடியல’ என்றால் அதைச் சோர்வு என்று எண்ணிப் பயிற்சியைக் கூட்டக்கூடாது. திடீர்த் தசைத் தளர்ச்சி பொட்டாசியம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம்; 108ஐ அழைக்கவேண்டிய நேரமாகவும் இருக்கலாம். வாராவாரம் தசை வலுவை அளந்து எழுதிவைப்பவர் பிசியோ என்பதால், இந்த மாற்றம் முதலில் கண்ணில் படுவது அவருக்குத்தான். டயாலிசிஸ் ஊசி போடும் கையில் பி.பி. பட்டை கட்டக்கூடாது, அந்தக் கையை ஊன்றி எழச் சொல்லவும் கூடாது.

சோடியம் 135 முதல் 145. பி.பி.க்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் மூதாட்டி நேற்றுவரை பேரன் பேரைச் சரியாகச் சொன்னார், இன்று குழம்புகிறார், தடுமாறுகிறார் என்றால் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாமல் சோடியத்தைப் பார்க்கச் சொல்லவேண்டும்.

சர்க்கரை விஷயத்தில் எண்ணோடு நேரத்தையும் கேட்கவேண்டும். ‘கடைசியா எப்ப சாப்டீங்க? ஊசி எப்ப போட்டீங்க?’ உழைக்கும் தசை இன்சுலின் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சும். ஊசியோ மாத்திரையோ அதன்மேல் சேர்ந்தால் அளவு வேகமாக இறங்கும். 70க்குக் கீழே தாழ்நிலை. ஊசி போடுபவருக்குப் பயிற்சிக்கு முன் 90க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிடவேண்டும். 250க்கு மேல் இருந்து, வாந்தி, வேகமான மூச்சு, சிறுநீரில் கீட்டோன் இருந்தால் பயிற்சி கூடாது. பி.பி.க்குத் தரப்படும் சில மருந்துகள் தாழ்நிலையின் படபடப்பை மறைத்துவிடும். அவற்றைச் சாப்பிடுபவர்களிடம் பெரும்பாலும் வியர்வைதான் எச்சரிக்கையாக மிஞ்சும்.

தாளும் தவறலாம்

குழாயில் ரத்தம் எடுப்பதிலிருந்து ரிப்போர்ட் அச்சாகும் வரை பல இடங்களில் பிழை நுழையலாம். கையை இறுக்கிக் கட்டி, முஷ்டியை மடக்கி மடக்கி ரத்தம் எடுத்தால் தசையிலிருந்தும், குழாயைக் குலுக்கினால் உடையும் சிவப்பணுக்களிலிருந்தும் பொட்டாசியம் வெளியே கொட்டும். இல்லாத ஆபத்தைத் தாள் காட்டும். பிரித்தெடுக்காமல் வைத்த குழாயில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை குறையும். அதனால்தான் சர்க்கரைக்கு ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய். கிராமத்தில் எடுத்து நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்போது இந்த நேரக்கணக்கு மிக முக்கியம்.

எல்லாவற்றுக்கும் முன், தாள் இவருடையதுதானா? ஒரே தெருவில் நான்கு செல்வராஜ், ஐந்து லட்சுமி இருக்கும் ஊர்கள் நம்முடையவை. பெயரோடு வயதையோ பதிவு எண்ணையோ ஒத்துப்பார்க்கவேண்டும். தேதியையும் பார்க்கவேண்டும்: மூன்று மாதத்துக்கு முந்தைய பொட்டாசியம் இன்றைக்கு எதையும் சொல்லாது.

யாரிடம் சொல்வது?

1972இல் அமெரிக்க நோயியல் மருத்துவர் ஜார்ஜ் லண்ட்பெர்க் ஓர் எளிய யோசனையை முன்வைத்தார். உயிருக்கு ஆபத்தான எண் வந்தால், ஆய்வகம் அதைத் தாளில் அடித்து அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. உடனே சிகிச்சை தருபவரைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும். இன்று தரமான ஆய்வகங்கள் எல்லாம் கடைப்பிடிக்கும் விதி அது. சரியான எண் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் சேராவிட்டால் அளந்ததில் பயனில்லை.

அந்தச் சங்கிலியில் இயன்முறை சிகிச்சையாளரின் இடம் இன்னும் உறுதியாகவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் செப்டம்பர் 17ஐ நோயாளி பாதுகாப்பு நாளாக 2019 முதல் கடைப்பிடிக்கிறது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் மருத்துவமனைகளில் பாதுகாப்பற்ற சிகிச்சையால் ஆண்டுக்கு 26 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது அது மேற்கோள் காட்டும் மதிப்பீடு. இந்தக் கணக்கை மருத்துவரால் மட்டும் குறைக்க முடியாது. இந்தியாவில் 2021இல் வந்த துணை மருத்துவ, சுகாதாரப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இயன்முறை சிகிச்சையைத் தனித் தொழிலாக அங்கீகரித்திருக்கிறது. அங்கீகாரத்தோடு பொறுப்பும், பொறுப்போடு தகவலும் வரவேண்டும்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வேண்டியது பெரிய இயந்திரம் அல்ல. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் கடைசி ஹீமோகுளோபின், பொட்டாசியம், ஐ.என்.ஆர். எண்களைப் பிசியோவுக்கென்று ஒரு வரியில் தமிழில் எழுதித் தரலாம். ஒன்றியத்துப் பிசியோ சந்தேகம் வந்தால் அழைக்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொறுப்புள்ள ஒருவரின் எண் இருக்கவேண்டும். ‘இன்றைக்கு நிற்கவைக்கவில்லை, காரணம் இது’ என்று எழுதியவரைக் கேள்வி கேட்காமல் பாராட்டும் மேலதிகாரி வேண்டும். எத்தனை வீடு போனார் என்று எண்ணும் பதிவேட்டில், எத்தனை ஆபத்தை முன்கூட்டியே கண்டுசொன்னார் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். நடக்கவைப்பது எவ்வளவு பெரிய சிகிச்சை என்பதை இந்தத் தொழில் நமக்குக் கற்றுத்தந்துவிட்டது. மருந்துக்கு அளவு பார்ப்பதுபோல நடைக்கும் அளவு பார்க்கவேண்டும் என்பதை மருத்துவமனைகளும் குடும்பங்களும் ஏற்றுக்கொண்டால், அந்தச் சிகிச்சை இன்னும் பலரை எழுந்து நிற்கவைக்கும்.